தகரக் கொட்டகைக் குடியிருப்பை ஒழுங்குபடுத்துதல் (ரீபிளாக்கிங்): எதில் தொடங்குவது?

புதுத்தடம்:

வணக்கம் நண்பர்களே. கேப் டவுனில், கேப் ஃபிளாட்ஸ் மணற்பகுதியில், ஒரு சின்ன தகரக் கொட்டகைக் குடியிருப்பை அங்கேயே வைத்து ஒழுங்குபடுத்தும் வேலை தொடங்கப்போகிறது. நிலம் நகராட்சியுடையது. நீளம் சுமார் 110 மீட்டர், அகலம் 100 மீட்டர். கொட்டகைகள் 230. ஒரு கொட்டகை சராசரியாக 4 மீட்டருக்கு 5 மீட்டர். மூன்று பொதுக் குழாய்கள், பதினெட்டு கழிப்பறைகள். அதில் பாதி அடைத்துக் கிடக்கின்றன. உள்ளே எந்த வண்டியும் போக முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழைக்காலத்தில் பாதிக் கொட்டகைகளில் தண்ணீர் நிற்கிறது. மின்சாரம் பக்கத்துத் தெருவிலிருந்து திருட்டுக் கம்பியில் வருகிறது.

மக்கள் கேட்பது கழிப்பறை. நகராட்சிப் பொறியாளர் கேட்பது பாதை. தீயணைப்புத் துறை கேட்பது இடைவெளி. எதை முன்னால் வைப்பது, எதில் கை வைத்தால் மற்றது கெடும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பொதுவான அறிவுரை வேண்டாம், அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

அளவுநாடா:

குழாயும் வேண்டாம், பாதையும் வேண்டாம். முதல் வேலை கணக்கெடுப்பு. அதுவும் வெளியாட்கள் எடுக்கிற கணக்கு அல்ல, குடியிருப்பவர்களே எடுக்கிற கணக்கு.

ஒவ்வொரு கதவிலும் பெயிண்டால் ஓர் எண் எழுதுங்கள். இரண்டு பேர் நாடா பிடித்து நீள அகலம் எடுக்கட்டும். மூன்றாவது ஆள் எழுதட்டும்: எத்தனை குடும்பம், எத்தனை தலை, சொந்தக் கொட்டகையா வாடகையா, கதவு எந்தப் பக்கம் பார்க்கிறது, உள்ளே ஸ்பாசா கடையோ (வீட்டிலேயே நடத்தும் சிறு கடை) ஷெபீனோ (வீட்டிலேயே நடத்தும் மதுக்கடை) நடக்கிறதா. கடை என்றால் தனியாகக் குறியுங்கள். பாதையோரக் கடையை உள்ளே தள்ளிவிட்டால் அந்தக் குடும்பத்தின் சோறே போய்விடும். பிறகு அவர்கள்தான் முதல் எதிர்ப்பாளர்களாக நிற்பார்கள், நிற்பதில் நியாயமும் உண்டு. கணக்கெடுப்பை மாலை ஆறுக்கு மேல் அல்லது ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். விடியற்காலையில் மினிபஸ் டாக்ஸி பிடித்து வேலைக்குப் போகிறவர்கள் பகலில் இருக்க மாட்டார்கள். பகலில் எடுத்த கணக்கில் பூட்டிய கதவெல்லாம் "ஆளில்லை" என்று பதிவாகி, கடைசியில் வேலைக்குப் போகிறவன் பெயர்தான் விட்டுப்போகும்.

பட்டியலைப் பொதுக்கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். மூன்று இடங்களில் ஒட்டுங்கள். ஒரு வாரம் திருத்த அவகாசம் கொடுங்கள். அதன் பிறகு ஒரு தேதி: இந்தத் தேதிக்கு மேல் வருகிற கொட்டகை திட்டத்தில் இல்லை. இந்தத் தேதி இல்லாமல் அளக்க ஆரம்பித்தால், வேலை வருகிறது என்ற செய்தி பரவிய இரவிலேயே புதுக் கொட்டகைகள் முளைக்கும், நீங்கள் பாதைக்கு வைத்திருக்கும் இடத்தில்.

கதவுக்கு எண் போட்டு மக்களே தங்களை எண்ணிக்கொள்ளும் இந்த முறை தென்னாப்பிரிக்காவுக்கு மும்பையிலிருந்து போனது. அதைக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, தச்சு வேலை செய்துகொண்டு மும்பை ஜனதா காலனியில் வாழ்ந்த ஜோக்கின் அற்புதம். 1991இல் தென்னாப்பிரிக்கக் கொட்டகைவாசிகளின் கூட்டத்துக்குப் போனார். 1996இல் உருவான பன்னாட்டுக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பின் தலைவராகவும் பிற்காலத்தில் இருந்தார். கேப் டவுனில் இந்த வேலை செய்யும் பல குழுக்கள் அந்தக் கூட்டமைப்பின் கிளைகள்தான்.

அடுத்தது வரைபடம். 1:100 அளவு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலம் 1.1 மீட்டருக்கு 1 மீட்டர் தாளில் அடங்கிவிடும். ஒவ்வொரு கொட்டகைக்கும் 4க்கு 5 சென்டிமீட்டர் அட்டை வெட்டி, எண்ணை எழுதி, அந்தந்தக் குடும்பத்தின் கையிலேயே கொடுங்கள். மேசையைச் சுற்றி நின்று அவர்களே வைத்துப் பார்க்கட்டும். கணினியில் வரைந்து காட்டினால் தலையாட்டுவார்கள். அட்டையைக் கையில் கொடுத்தால் வாதாடுவார்கள். வாதாடுவதுதான் உங்களுக்கு வேண்டியது.

இப்போது உங்கள் கணக்கு. மொத்தம் 11,000 சதுர மீட்டர். 230 கொட்டகை, தலைக்கு 20 என்றால் 4,600. மீதி 6,400 சதுர மீட்டர் ஏற்கெனவே காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் முழங்கை இடிக்கிற சந்துகளாகவும் குப்பை சேரும் மூலைகளாகவும் சிதறிக் கிடக்கிறது. அந்தச் சிதறலைக் கூட்டி ஓர் உருவத்துக்குக் கொண்டுவருவதுதான் ரீபிளாக்கிங். நீளவாக்கில் 4 மீட்டர் அகலப் பாதை ஒன்று, 440 சதுர மீட்டர். 2 மீட்டர் நடைபாதைகள் 400 மீட்டர் நீளம், 800. பதின்மூன்று பதினான்கு கொட்டகைக்கு ஒரு முற்றம் என்று 17 முற்றங்கள், தலைக்கு 70 என்றால் 1,190. கழிப்பறைக்கும் குழாய்க்கும் 150 தாராளம். எல்லாம் போக 3,800க்கு மேல் மிச்சம்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். தீயணைப்புக்காக ஒவ்வொரு கொட்டகையைச் சுற்றியும் 3 மீட்டர் விடலாமா என்றால், ஒரு கொட்டகைக்கு 7க்கு 8, அதாவது 56 சதுர மீட்டர் வேண்டும். 230ஆல் பெருக்கினால் 12,880. உங்கள் நிலமே 11,000தான். ஆகாது. அதனால் முற்றத்துக்கும் முற்றத்துக்கும் நடுவே 3 மீட்டரை விட்டுக்கொடுக்காமல் வையுங்கள். முற்றத்துக்குள் நெருக்கம் இருக்கட்டும். தீ ஒரு முற்றத்தோடு நின்றால் 13 வீடு போகும், 230 போகாது.

கதவுகள் எல்லாம் முற்றத்தைப் பார்த்திருக்கட்டும். குழந்தை எங்கே விளையாடுகிறது, யார் உள்ளே வருகிறார்கள் என்பது அடுப்படியிலிருந்தே தெரியும், துணி காயவும் இடம் கிடைக்கும். கேப் டவுனிலேயே பிலிப்பியில் ஷெஃபீல்ட் ரோடு குடியிருப்பில் இப்படித்தான் முற்றங்களாகப் பிரித்தார்கள். மில்நர்டன் பக்கம் ஜோ ஸ்லோவோ பார்க்கில் உள்ள ம்ட்ஷினி வாமில் 2012-13இல் சுமார் 250 கொட்டகைகளை முற்றம் முற்றமாக மாற்றினார்கள். அங்கே குடியிருப்பவர்களில் பலருக்கே பொதுப்பணித் திட்டத்தில் கூலி கிடைத்தது. உங்களுக்கு எண்ணிக்கையில் மிக நெருக்கமானது அதுதான். நேரில் போய்ப் பாருங்கள், அங்குள்ள தெருக்குழுவிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

மணல்மேடு:

அளவுநாடா சொன்னது சரி, ஆனால் முற்றம் எங்கே வரவேண்டும் என்பதை அட்டை மட்டும் முடிவு செய்யக்கூடாது. கழிவுநீர்க் குழாயின் சரிவும் முடிவு செய்யும். நகராட்சி ஆள்துளை (மேன்ஹோல்) எங்கே இருக்கிறது, அதன் அடிமட்டம் எவ்வளவு ஆழம் என்று முதலில் அளந்து அதே தாளில் சிவப்பில் குறியுங்கள்.

110 மில்லிமீட்டர் குழாய்க்கு 1:60 சரிவு வேண்டும். 40 மீட்டர் போனால் 67 சென்டிமீட்டர் இறக்கம், 60 மீட்டர் போனால் ஒரு மீட்டர். கேப் ஃபிளாட்ஸில் தரை தட்டை, கீழே மணல், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். ஒன்றரை மீட்டர் பள்ளம் தோண்டினால் பக்கம் சரிந்து விழும், தண்ணீரை இறைத்துக்கொண்டே குழாய் பதிக்க வேண்டிவரும். அதனால் கழிப்பறையை ஆள்துளையிலிருந்து 40 மீட்டருக்குள் வைக்கப் பாருங்கள். ஐந்து குடும்பத்துக்கு ஒன்று, 25 குடும்பத்துக்கு ஒரு குழாய் என்பது அங்கே புழங்கும் கணக்கு. உங்களுக்கு 46 கழிப்பறை, 10 குழாய். 46ஐயும் ஒரே வரிசையில் கட்டினால் கட்டுவது சுலபம், ஆனால் கடைக்கோடிப் பெண் இரவில் 100 மீட்டர் நடக்க வேண்டும். ஐந்தாறு இடமாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு முற்றத்தின் வாசலில், பார்வைபடும் இடத்தில் இருக்கட்டும். பின்பக்கச் சந்தில் ஒளித்து வைத்த கழிப்பறைக்கு இருட்டிய பிறகு யாரும் போக மாட்டார்கள். வீட்டுக்குள் வாளியில் போவதுதான் மறுபடி வரும்.

ஏன் அடைக்கிறது என்று பார்த்தால் குழாய் குற்றமல்ல. காகிதம் வாங்கக் காசில்லாதபோது செய்தித்தாள் போகும். அது கரையாது. பாத்திரம் தேய்த்த மணல் போகும். மீந்த சோறும் எண்ணெயும் போகும், ஏனென்றால் ஊற்ற வேறு இடமில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியைக் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே கட்டி, அதற்குத் தனி மணல் தொட்டியும் எண்ணெய் தொட்டியும், மேலே தூக்கி எடுக்கும்படி ஒரு சல்லடையும் வைத்தால் அடைப்பு பெருமளவு குறையும். அந்த மணல் தொட்டியை வாரம் ஒருமுறை அள்ள வேண்டும். அள்ளுகிற ஆளின் பெயர், நாள், கூலி மூன்றும் கட்டுவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். டர்பன் நகராட்சி கப்பல் கண்டெய்னர்களைக் கழிப்பறை, குளியலறை, துவைக்கும் தொட்டி என்று மாற்றி வைத்த பொதுக் கூடங்களில், அந்தக் குடியிருப்பிலிருந்தே ஒரு பராமரிப்பாளரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். அந்த ஆள் இருக்கும் கூடம் நன்றாக இருக்கிறது. ஆள் நின்றுபோன கூடம் சில வாரங்களில் நாறும். இரண்டுக்கும் சுவர், குழாய், தொட்டி எல்லாம் ஒன்றுதான்.

வெற்றிடக் கழிவுக் குழாய் (சரிவுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சிக் கழிவை இழுக்கும் அமைப்பு) பற்றி யாராவது வந்து சொன்னால் யோசியுங்கள். பிலிப்பியில் கொசோவோ என்ற குடியிருப்பில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வால்வில் துணி சிக்கினாலும் அந்தக் கிளை முழுக்க உறிஞ்சும் வெற்றிடம் போய்விடும். தட்டையான மணல்நிலத்துக்குக் காகிதத்தில் பொருத்தமான யோசனை, தினசரி பராமரிப்பு இல்லாத இடத்துக்குப் பொருந்தாத யோசனை. 20 லிட்டர் தொட்டியுள்ள கையடக்கக் கழிப்பறையும் அப்படித்தான். குழாய் போடவே முடியாத இடத்துக்குக் கடைசி வழி, அவ்வளவே. சமைத்து, படுத்து, படிக்கிற ஒரே அறையில் அதை வைக்கச் சொல்வது மனிதருக்கு மரியாதை இல்லை.

குழாயடியில் 1.2 மீட்டர் சதுரத்தில் காங்கிரீட் தளம், நடுவில் சரிவு, கழிவுநீர் வடிகால். இது இல்லாவிட்டால் குழாயடி சேறாகும், குழந்தைகள் அதில்தான் விளையாடும். பித்தளைக் குழாய் காணாமல் போகும், பிளாஸ்டிக் போடுங்கள். வாஷர், டேப், மிதவை வால்வு, ஃபிளஷ் ரப்பர் ஆகிய நான்கையும் ஒரு பெட்டியில் போட்டுக் குடியிருப்புக் குழுவிடம் கொடுங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஒழுகுகிற ஒரு குழாய் ஒரு நாளில் 14,400 லிட்டரைக் கொண்டுபோகும். நாட்டுக் கொள்கையில் ஒரு குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர்தான் இலவசக் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள்.

வெள்ளம் பற்றி ஒன்று. கேப் ஃபிளாட்ஸில் தண்ணீர் வெளியிலிருந்து ஓடி வருவது பாதி, கீழிருந்து ஊறி வருவது பாதி. அதனால்தான் வாசலில் மணல்மூட்டை அடுக்கியும் தரை ஈரமாகவே இருக்கிறது. தரையை உயர்த்துவது ஒன்றே வழி. கொட்டகை தரை பக்கத்துப் பாதையைவிடக் குறைந்தது 20 சென்டிமீட்டர் உயரமாக இருக்கட்டும். பாதை தாழ்வாகவும் ஒரு பக்கம் சரிந்தும் இருந்தால் மழைநீருக்கு அதுவே வாய்க்கால். கொட்டகையை நகர்த்துகிற அன்றைக்கே மண் போட்டு அடித்து இறுக்க வேண்டும். பிறகு வாழ்நாளில் அந்தச் சந்தர்ப்பம் வராது.

புதுத்தடம்:

மிகவும் நன்றி. 56 சதுர மீட்டர் கணக்கு கண்ணைத் திறந்தது. மின்சாரமும் தீயும் பற்றி யாராவது சொல்லுங்கள். இன்னொன்று, 230இல் ஏறக்குறைய நாற்பது கொட்டகையில் இருப்பவர்கள் ஜிம்பாப்வே, மலாவிக்காரர்கள், சிலர் வாடகைக்கு. "அவர்களுக்குக் கிடையாது" என்று சிலர் இப்போதே பேசுகிறார்கள்.

பச்சைக்கம்பி:

மின்சாரம்: முறையான இணைப்பு கிடைக்குமா என்பது நிலத்தைப் பொறுத்தது. வெள்ளம் தேங்கும் குளக்கரை, சாலைக்கு ஒதுக்கிய பட்டை, உயர் அழுத்தக் கம்பிக்குக் கீழே, தனியார் நிலம் என்றால் கம்பம் நட மாட்டார்கள். உங்களுடையது நகராட்சி நிலம், பாதையும் வரப்போகிறது, அதனால் வாய்ப்பு உண்டு. கம்பத்திலிருந்து ஒவ்வொரு கொட்டகைக்கும் ஏர்டாக் கம்பி (மேலே இழுத்துவரும் காப்பிட்ட கம்பி) வரும். உள்ளே சுவரில் ரெடி போர்டு என்ற ஒரு பலகை: எர்த் லீக்கேஜ் பிரேக்கர் (மின்கசிவு வந்தால் தானே துண்டிப்பது), ஒன்றிரண்டு பிளக், ஒரு பல்பு, சேர்ந்தே இருக்கும். தகரச் சுவருக்குள் தனியாக வயரிங் தேவையில்லை என்பதே அதன் வசதி. மீட்டர் ப்ரீபெய்டு, 20 இலக்க எண் அடித்துப் போடுவது. ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 50 யூனிட் இலவசம் என்பது நாட்டுக் கொள்கை, ஆனால் மாதாமாதம் கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்காத மாதத்தது சேர்ந்து வராது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மாலை ஒதுக்குங்கள்.

20 ஆம்பியர் இணைப்பு என்றால் 4.6 கிலோவாட். கெட்டில் 2, இரட்டைத் தட்டு அடுப்பு 2, இஸ்திரிப்பெட்டி சேர்ந்தால் பிரேக்கர் விழும். பழுது என்று நினைத்து பிரேக்கரைத் தாண்டிக் கம்பி போட்டுவிடுவார்கள், அங்கிருந்துதான் ஆபத்து. பக்கத்துக் கொட்டகைக்கு எக்ஸ்டென்ஷன் விடுவதும் அப்படியே. மணலில் நான்கு விரல் ஆழத்தில் புதைத்த திருட்டுக் கம்பி, பிளாஸ்டிக் பை சுற்றிய இணைப்பு, மழை பெய்து ஈரமான தரை, வெறுங்காலோடு குழந்தை. இந்த நான்கும் சேர்ந்து ஒவ்வொரு மழைக்காலமும் உயிர் வாங்குகிறது. அந்தக் கம்பிகளைக் கூட்டமாக வந்து அறுத்துவிட்டுப் போவதால் எதுவும் நடக்காது, அன்றிரவே திரும்ப வரும். மாற்று இணைப்பு தயாரான பிறகே பழையதை எடுக்க வேண்டும்.

கம்பம் வருவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் என்றால் ஸ்டெலன்போஷ் என்கானினியில் செய்ததைப் பாருங்கள். வீட்டுக்கு வீடு சூரியத் தகடு, விளக்கு, போன் சார்ஜ், டிவி, மாதக் கட்டணம் கட்டி ஓடுகிறது. குடியிருப்பவர்களையே பழுது பார்க்கப் பழக்கினார்கள். சமையலுக்கு அது பற்றாது, அதனால் மண்ணெண்ணெய் ஆபத்து அப்படியே இருக்கும். அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

தீ: தென்கிழக்குக் காற்று அடிக்கிற கோடையில்தான் பெரிய அழிவு. 2005 ஜனவரியில் லாங்காவின் ஜோ ஸ்லோவோவில் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். 2013 புத்தாண்டு அன்று காயெலிட்ஷா பிஎம் பிரிவு. 2017 மார்ச்சில் ஹவுட் பேயின் இமிசாமோ யெத்து, அங்கே மட்டும் 2,000க்கு மேற்பட்ட வீடுகள். கொட்டகைக்குள் குளிருக்கு ஒட்டிய அட்டையும் பிளாஸ்டிக்கும் சில நிமிடத்தில் முழு அறையையும் பற்றவைத்துவிடும். தகரம் எரியாது, ஆனால் சூட்டைத் தடுக்காது. பக்கத்துக் கொட்டகையின் அட்டை தகரத்துக்கு அப்பாலிருந்தே பற்றிக்கொள்ளும்.

புகை உணரும் கருவி இங்கே உதவாது, சமைக்கும்போதெல்லாம் கத்தும். இரண்டாம் நாள் பாட்டரியைக் கழற்றிவிடுவார்கள். கேப் டவுனிலேயே உருவான லும்கானி கருவி சூட்டின் ஏற்ற வேகத்தைப் பார்த்து ஒலிக்கிறது, ரேடியோ வழியாகச் சுற்றுப்புற வீட்டுக் கருவிகளையும் ஒலிக்கவைக்கிறது. சுற்றி இருப்பவர்கள் ஓடிவருவதுதான் அங்கே முதல் தீயணைப்பு. முற்றம் முழுக்க மாட்டினால்தான் பயன், இங்கொன்றும் அங்கொன்றுமாக மாட்டினால் வீண்.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். திருட்டுக்குப் பயந்து சன்னலுக்குக் கம்பி போடுவார்கள், ஒரு சன்னலாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி விடச் சொல்லுங்கள். தரையடித் தீயணைப்புக் குழாயின் மூடி மணலில் மறைந்துவிடும், பக்கத்தில் மஞ்சள் கம்பம் நடுங்கள். 4 மீட்டர் பாதையில் யாரும் கார் நிறுத்தாமலும் கடை நீட்டாமலும் இருக்க வேண்டும். ஒரு வருடத்தில் அந்தப் பாதை 3 மீட்டராகச் சுருங்குவது எல்லா இடத்திலும் நடக்கிறது, ஓரத்தில் கான்கிரீட் கட்டை வையுங்கள்.

சட்டப்படி:

வெளிநாட்டவர் கேள்விக்கு. தென்னாப்பிரிக்காவின் முறைசாராக் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம் 2009 வீட்டுவசதி விதித்தொகுப்பில் நான்கு கட்டமாக இருக்கிறது. முதல் மூன்று கட்டங்கள் நிலம், கணக்கெடுப்பு, தண்ணீர், கழிவுநீர், பாதை. அவை அந்த இடத்தில் வாழும் எல்லோருக்குமானவை. வருமான வரம்பு தாண்டியவருக்கும், முன்பே மானியம் வாங்கியவருக்கும், குடியுரிமை இல்லாதவருக்கும் (ஆவணமே இல்லாதவர் என்றால் உள்துறை சொல்லும் நிபந்தனைப்படி) அதில் இடமுண்டு. தகுதி பார்ப்பது நான்காவது கட்டமான வீடு கட்டும் மானியத்தில்தான். குழாய், கழிப்பறை, பாதை வரையில் "அவர்களுக்குக் கிடையாது" என்று சொல்வதற்கு அடிப்படையே இல்லை. இதைக் கூட்டத்தின் முதல் நாளே சொல்லிவிடுங்கள், குழு உறுப்பினர் வாயாலேயே. நாற்பது கொட்டகையைக் கணக்கில் விட்டால் அவை மறைந்துவிடாது, நீங்கள் வரைந்த பாதையின் நடுவில்தான் நிற்கும்.

வாடகைக்காரரை வீட்டுக்காரரின் பெயரில் சேர்த்து எழுதாதீர்கள், தனி வரியில் எழுதுங்கள். கொட்டகையை நகர்த்துகிற வாரத்தில் வாடகைக்காரரை வெளியேற்றி, அந்த இடத்தைத் தன் பிள்ளைக்குக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. அரசியலமைப்பின் 26ஆம் பிரிவின்படியும் 1998ஆம் ஆண்டுச் சட்டவிரோத வெளியேற்றத் தடுப்புச் சட்டத்தின்படியும் நீதிமன்ற உத்தரவில்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது. அது கொட்டகைக்கும் பொருந்தும்.

திட்டத்துக்கு விண்ணப்பிக்க நகராட்சி தயங்கினால் 2016 தீர்ப்பைக் காட்டுங்கள். ஜோகனஸ்பர்க்கின் ஸ்லோவோ பார்க் மக்கள் வழக்குப் போட்டு, இருக்கும் இடத்திலேயே மேம்படுத்த விண்ணப்பிக்கும்படி நகராட்சிக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கேப் டவுன் வாலஸ்டீன் மக்கள் சார்பில் ஐரீன் குரூட்பூம் பெயரில், வீட்டுவசதி உரிமை பற்றி 2000இல் வந்த அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும். ஆனால் உங்கள் வேலைக்குக் கையில் எடுக்க வேண்டியது 2016 தீர்ப்புதான்.

வடக்குவாசல்:

ஒரு மாற்றுக் கருத்து. ரீபிளாக்கிங் எப்போதும் சரியான தீர்வு என்று இந்த இழையில் எல்லோரும் எடுத்துக்கொண்டது போலிருக்கிறது. இமிசாமோ யெத்துவில் 2017 தீக்குப் பிறகு பாதை அகலப்படுத்தி அடுக்க நினைத்தார்கள். மக்கள் தற்காலிக இடத்துக்குப் போனார்கள், வேலை இழுத்தது, பொறுமை போய் ஜூலையில் போராட்டம் வெடித்தது. தற்காலிக இடத்திலேயே சில குடும்பங்கள் ஆண்டுகள் இருந்தன. வீடு எரிந்தவனுக்கு முதல் பயம், தன் இடம் கைவிட்டுப் போகும் என்பது. அதனால்தான் சாம்பல் ஆறுவதற்குள் பழைய இடத்திலேயே கட்டிவிடுகிறார்கள். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாத வரைபடம் எதுவும் நிற்காது.

நமீபியாவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டு நெகிழ்வான நில உரிமைச் சட்டம். ஒரு பெரிய மனையைக் குழுவாகப் பதிந்து, அதற்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொடக்க உரிமை, பிறகு நிலஉடைமை உரிமை என்று படிப்படியாக எழுதிக் கொடுக்கிறார்கள். கோபாபிஸ் ஊரின் ஃப்ரீடம் ஸ்கொயர் குடியிருப்பில் மக்களே எண்ணி, வரைந்து, நகர்ந்து, பிறகு பட்டாவும் பெற்றார்கள். காகிதம் கையில் வரும் என்று தெரிந்தவன் இரண்டு அடி நகரத் தயங்க மாட்டான். உங்கள் திட்டத்தில் காகிதம் எங்கே?

அளவுநாடா:

வடக்குவாசல் சொல்வதை ஏற்கிறேன். பட்டா உடனே வராத இடத்தில், முற்றத்தின் வரைபடத்தில் தன் எண்ணும் அளவும் இடமும் இருக்க, குடும்பத்தவர், குழு, நகராட்சி அதிகாரி மூவரும் கையெழுத்திட்ட ஒரு தாளையாவது நகர்வதற்கு முன்பே கொடுக்க வேண்டும். பட்டா அல்ல, ஆனாலும் வாக்கு. இன்னொன்று, இமிசாமோ யெத்துவில் ஆயிரக்கணக்கான வீடு ஒரே நேரத்தில். இங்கே ஒரு நேரத்தில் ஒரு முற்றம் மட்டும். வெளியே எவரையும் அனுப்பக் கூடாது. ஒரு மூலையில் 13 கொட்டகைக்கு மட்டும் மாற்றிடம் போதும், அதுவே கடைசி முற்றம் வரை சுழலும்.

இடம் போதவே போதாது என்றால் மாடி. காயெலிட்ஷா சைட் சி பகுதியில் எம்பவர் ஷாக் திட்டத்தில் 72 வீடுகளை இரண்டு தளமாக, நடுவே காங்கிரீட் கல் சுவர் வைத்துக் கட்டினார்கள். தீச்சுவர் இருந்தால் 3 மீட்டர் தேவையே குறைகிறது. ஆனால் செலவு வேறு கணக்கு, உங்கள் பணத்தில் முதல் கட்டத்துக்கு வராது.

புதுத்தடம்:

கையெழுத்துத் தாள் யோசனையைக் குழுவிடம் வைக்கிறேன். ஒரு கொட்டகையை ஒரே நாளில் பிரித்துக் கட்ட முடியும் என்கிறார்கள். அந்த ஒரு நாளின் வரிசை எப்படி? எங்கே தடங்கும்?

மணல்மேடு:

ஆறு பேர் குழு என்றால் முடியும். காலை ஏழு மணிக்குச் சாமான்களை முற்றத்தில் ஒரே இடத்தில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு, அந்த வீட்டார் ஒருவர் பக்கத்திலேயே உட்காரட்டும். முதலில் கூரை, பிறகு சுவர், கடைசியில் கம்பம். பழைய தகரத்தைப் பிரிக்கும்போதே இரண்டாகப் பிரியுங்கள்: துருப்பிடித்து ஓட்டையானது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். நல்லதைச் சுவருக்கு வையுங்கள், கூரைக்குப் புதுசு. கடல்காற்றில் பழைய ஆணி ஓட்டைதான் முதலில் ஒழுகும்.

ஒன்பது மணிக்குள் இடம் காலியாகிவிட வேண்டும். மண் நிரப்பி, தண்ணீர் தெளித்து, 10 சென்டிமீட்டர் அடுக்குக்கு ஒருமுறை அடித்து இறுக்குங்கள். ஒரே தடவையில் 20 சென்டிமீட்டர் கொட்டி அடித்தால் மேல்பக்கம் மட்டும் இறுகும், முதல் மழையில் அமுங்கும். அதற்கு மேல் தடித்த பிளாஸ்டிக் ஷீட், 250 மைக்ரான், சுவருக்கு வெளியே வரை நீட்டி மடித்து. நிலத்தடி ஈரத்தை நிறுத்துவது அதுதான்.

மூலைக் கம்பங்கள் மருந்திட்ட யூகலிப்டஸ், 60 சென்டிமீட்டர் ஆழம். மணலில் வெறுமனே நட்டால் காற்றில் ஆடும், குழிக்குள் கல்லும் கொஞ்சம் சிமெண்டும் போட்டு இறுக்குங்கள். கூரைச் சட்டத்தைக் கம்பத்தோடு ஆணியால் மட்டும் அடிக்காதீர்கள், இரும்புப் பட்டை சுற்றிக் கட்டுங்கள். தென்கிழக்குக் காற்று கூரையைக் கீழிருந்துதான் தூக்கும். தகரத்தின் மேல் டயரும் கல்லும் வைத்திருப்பது அதற்குப் பயந்துதான், பட்டை கட்டினால் கல் வேண்டாம். ஸ்க்ரூவை மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அதில்தான் ஓடும். ரப்பர் வாஷர் கட்டாயம்.

தடங்குவது எங்கே என்றால், பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, பொருள் வராதது: முந்தின நாள் மாலையே ஸ்க்ரூ, வாஷர் வரை எண்ணி வைக்காவிட்டால் மதியம் மூன்று மணிக்குக் கூரையில்லாமல் நிற்பீர்கள். இரண்டு, மின் இணைப்பு இருக்கும் கொட்டகையில் கம்பியைக் கழற்ற அங்கீகாரம் உள்ள ஆள் காலையிலேயே வரவேண்டும், மாலையில் திரும்ப இணைக்கவும் வரவேண்டும். அவர் ஒரு வாரம் கழித்து வந்தால் அந்த ஒரு வாரமும் அந்த வீட்டில் மெழுகுவத்தி, புதிய கொட்டகையில்.

அதனால் பழைய கதவில் இருந்த எண்ணைப் புதுக் கதவில் அன்று மாலையே எழுதிவிடுங்கள். மின்சாரக்காரரும் மீட்டர்க்காரரும் அந்த எண்ணை வைத்துத்தான் வீட்டைத் தேடுவார்கள்.